'ஆர்ட் சில்க்' என்றால் கலைப் பட்டா?

காஞ்சிபுரத்தை அடுத்து, பாலாற்றங்கரையில் உள்ளது ஓரிக்கை. திருமழிசையாழ்வாரும் அவருடைய சீடர் கணிகண்ணரும் காஞ்சியை விட்டுப் புறப்பட்டபோது பெருமாளும் உடன் வந்து ஓர் இரவு தங்கிய இடம் இது என்பார்கள். 'ஓர் இரவு இருக்கை' என்பதே நாளடைவில் 'ஓரிக்கை' ஆயிற்று என்பது ஊரில் வழங்கும் கதை. ஒரு பெயருக்குள் இப்படி ஒரு செய்தி ஒளிந்திருப்பது உண்டு. அதைப் படிக்கத் தெரியாவிட்டால் சில சமயம் நாம் ஏமாந்தும் போவோம்!

ஜவுளிக்கடையில் 'ஆர்ட் சில்க்' என்று ஒரு புடவையைக் காட்டுகிறார்கள். ஆர்ட் என்றால் கலை; ஆகவே கலைநயம் மிக்க பட்டு என்று எண்ணுகிறீர்களா? இல்லை. 'ஆர்ட்டிஃபிஷியல்', அதாவது செயற்கை என்ற சொல்லின் தலைத்துண்டுதான் இந்த 'ஆர்ட்'. அந்தப் புடவைக்கும் பட்டுப்புழுவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை!

எத்தனை சொற்கள்!

அசல் அல்லாத பொருள்களைக் குறிக்க ஆங்கிலத்தில் ஏராளமான சொற்கள் உண்டு. ஆனால் எல்லாம் ஒரே பொருள் தருபவை அல்ல. 'ரெப்ளிகா' என்பது ஒரு சிற்பத்தையோ ஓவியத்தையோ அப்படியே ஒத்திருக்கச் செய்த பிரதி. அருங்காட்சியகத்தில் வைக்கலாம், குற்றமில்லை. 'இமிட்டேஷன்' என்பது சாயல். 'சிந்தெடிக்' என்றால் வேதியியல் முறையில் சேர்த்து உண்டாக்கியது. 'கவுண்டர்ஃபீட்' என்பதோ கள்ள நோட்டைப் போல ஏமாற்றவே செய்தது.

'பிஞ்ச்பெக்' என்றொரு வேடிக்கையான சொல்லும் உண்டு. கிறிஸ்டோபர் பிஞ்ச்பெக் லண்டனில் கடிகாரம் செய்தவர், 1732-ல் இறந்தார். செம்பையும் துத்தநாகத்தையும் கலந்து, பார்வைக்குத் தங்கம் போன்ற ஓர் உலோகக் கலவையை அவர் உருவாக்கினார். பிற்காலத்தில் மட்டமான போலிக்கெல்லாம் அவர் பெயரே வழங்கலாயிற்று!

நம் தமிழிலும் 'போலி' உண்டு. 'போல்' என்பதிலிருந்து பிறந்த சொல் அது. இலக்கண வகுப்பில் 'பந்தல் – பந்தர்' என்று கடைப்போலி படித்திருப்பீர்கள். ஓர் எழுத்தின் இடத்தில் வேறோர் எழுத்து வந்தாலும் பொருள் மாறுவதில்லை. ஆனால் பட்டு நூலின் இடத்தில் வேறு நூல் வந்தால் பொருளே மாறிவிடும்.

தீ சொல்லும் சாட்சி

பட்டு ஒரு புரதம். பட்டுப்புழு தன் கூட்டைக் கட்ட உமிழும் 'ஃபைப்ரோயின்' என்னும் புரத இழை அது. நம் தலைமுடியும் புரதமே. ஆகவே பட்டு இழையை எரித்தால் முடி கருகும் நாற்றம் வரும். இழை சுருண்டு மெல்ல எரியும். சுடரை விட்டு எடுத்தால் அணைந்துவிடும். மிஞ்சும் கரியை விரலால் நசுக்கினால் பொடியாகும்.

செயற்கைப் பட்டின் கதை வேறு. பிரான்சு நாட்டு ஷார்டொனே 1884-ல் செல்லுலோசிலிருந்து பட்டுப்போன்ற இழை செய்து காப்புரிமை பெற்றார். அது எளிதில் தீப்பிடித்தது. பின்னர் மரக்கூழிலிருந்து வேறு முறையில் செய்த நல்ல இழை வந்தது. 1924-ல் அமெரிக்காவில் அதற்கு 'ரேயான்' என்று பெயரிட்டார்கள். செல்லுலோஸ்தான் காகிதத்திலும் இருக்கிறது. ஆகவே ரேயானை எரித்தால் காகிதம் எரியும் வாசனை வரும். பாலியெஸ்டரோ உருகி, ஆறியதும் கெட்டியான மணியாகிவிடும்.

வீட்டிலுள்ள பழைய துணிகளின் ஓரத்திலிருந்து ஓரிரு இழைகளை உருவி, பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, இடுக்கியால் பிடித்து விளக்குச் சுடரில் காட்டிப் பாருங்கள். பாவு நூலையும் ஊடை நூலையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். ஒன்று பட்டாகவும் மற்றது வேறாகவும் இருக்கலாம் அல்லவா?

ஜரிகையின் நெஞ்சு

அசல் ஜரிகையில் பட்டு நூலின் மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியிருப்பார்கள். நடுவிலுள்ள நூல் சிவப்பாக இருக்கும். அதனால் ஜரிகையைச் சுரண்டி, சிவப்பு தெரிந்தால் அசல் என்பார்கள். இது போதுமா? யோசியுங்கள். போலி செய்பவரும் நூலைச் சிவப்பாகத் தோய்த்துவிடலாமே! எளிதில் நகல் செய்யக்கூடிய அடையாளம் சான்று ஆகாது. எக்ஸ் கதிர்களை ஜரிகை மீது செலுத்தினால் வெள்ளி, தங்கம், செம்பு ஒவ்வொன்றும் தனக்கே உரிய கதிரை வெளிவிடும். அதை அளந்து எந்த உலோகம் எவ்வளவு என்று கண்டுபிடிக்கும் கருவிகள் இப்போது உள்ளன. அணுவின் கையெழுத்தைக் கள்ளமாகப் போட முடியாது.

எரித்தும் தெரியாதது

இழை பட்டு என்று தீ சொல்லிவிடும். ஆனால் அதைக் காஞ்சியில் நெய்தார்களா, கைத்தறியில் நெய்தார்களா என்று தீயால் சொல்ல முடியுமா? உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து கோத்திணைப்பது 'கோர்வை'. தறியில் அமர்ந்தவருக்குத் துணையாக இன்னொருவரும் வேண்டும். ஒரு சேலைக்குப் பல நாள் உழைப்பு. விசைத்தறியில் விரைவாக நெய்த சேலை 'காஞ்சிப் பட்டு' என்ற பெயரில் மலிவாக விற்றால், வாங்குபவரின் பணம் மட்டுமா போகிறது? ஓரிக்கை போன்ற ஊர்களில் தறியை நம்பி வாழும் குடும்பத்தின் கூலியும் போகிறது.

இதற்காகவே காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தூய பட்டு என்பதற்கு 2004 முதல் 'சில்க் மார்க்' முத்திரை இருக்கிறது. ஒன்று ஊருக்குச் சாட்சி. மற்றொன்று இழைக்குச் சாட்சி.

அப்படியானால் ரேயான் கெட்டதா? இல்லை. மலிவான, அழகான துணி அது. 'கவரிங்' நகையைப் பாருங்கள்: மேலே முலாம் என்று பெயரே சொல்லிவிடுகிறது, யாரும் ஏமாறுவதில்லை. தன் பெயரைச் சொல்லி விற்கும்போது ரேயானும் அசல் ரேயான்தான். பட்டு என்று சொல்லி விற்கும்போதுதான் அது போலியாகிறது.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது பெயர்ப் பலகைகளைக் கவனியுங்கள். எந்தச் சொல் உண்மையைச் சொல்கிறது, எந்தச் சொல் மறைக்கிறது என்று ஒரு பட்டியல் தயாரித்து வகுப்பில் படித்துக் காட்டுங்களேன்!