ஒற்று, நடை, தொனி

தமிழில் பிழையின்றி எழுதக் கற்பவர் முதலில் பழக வேண்டியது ஒற்று. சொற்களுக்கு இடையே க், ச், த், ப் மிகும் இடமும் மிகாத இடமும் பொருளையே மாற்றிவிடும். ‘வேலை கொடு’ என்றால் பணி கொடு. ‘வேலைக் கொடு’ என்றால் வேலாயுதத்தைக் கொடு. ‘தந்த பலகை’ யாரோ கொடுத்த பலகை. ‘தந்தப் பலகை’ யானைத் தந்தத்தால் ஆனது. ஒற்றுப்பிழையைச் சிறு பிழையென்று ஒதுக்குவது தவறு.

விதிகள் பல இருந்தாலும், அன்றாட எழுத்தின் பெரும்பகுதிக்குச் சில போதும். ஐ, கு ஆகிய வேற்றுமை உருபுகள் வெளிப்படையாக வந்தால் அடுத்த வல்லினம் மிகும்: வீட்டைக் கட்டினார், ஊருக்குப் போனார். அந்த, இந்த, எந்த ஆகியவற்றின் பின்னும் மிகும்; பெயரெச்சத்தின் பின் பெரும்பாலும் மிகாது. அதனால்தான் ‘அந்தப் பையன்’, ஆனால் ‘வந்த பையன்’. வினையெச்சத்தில் ஓசையைக் கவனிக்க வேண்டும்: ‘எடுத்து’ வன்தொடர்க் குற்றியலுகரம், ஆகவே ‘எடுத்துக் கொடுத்தாள்’; ‘வந்து’ மென்தொடர், ஆகவே ‘வந்து போனாள்’.

ஒருமை பன்மை மயக்கம் அடுத்த பிழை. ‘மரங்கள் விழுந்தது’ அன்று, ‘விழுந்தன’. ‘ஒவ்வொரு மாணவர்களும்’ அன்று, ‘ஒவ்வொரு மாணவரும்’.

இலக்கணப் பிழை இல்லாத எழுத்தும் படிக்க முடியாததாக இருக்கலாம். அங்கேதான் நடையின் வேலை தொடங்குகிறது. தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று பொதுவாக இறுதியில் வருகிறது. எழுவாய்க்கும் அதற்கும் நடுவில் எச்சங்களை அடுக்கிக்கொண்டே போனால், யார் என்ன செய்தார் என்பது படிப்பவருக்கு நழுவிவிடும். அத்தகைய வாக்கியத்தை இரண்டாக, மூன்றாக வெட்டுவதே வழி. அலுவலகக் கடிதங்களிலும் செய்திகளிலும் வேரூன்றிய இன்னொரு கேடு, வினையைப் பெயராக்கி ஊதிப் பெருக்குவது. ‘விசாரணை மேற்கொண்டனர்’ என்பதைவிட ‘விசாரித்தனர்’ தெளிவு. ‘முடிவு எடுக்கப்பட்டுள்ளது’ என்ற தொடரில் முடிவெடுத்தவரே மறைந்துபோகிறார். செய்தவரைச் சொல்ல வேண்டிய இடத்தில் அது நேர்மைக் குறைவும்கூட.

பவணந்தி முனிவரின் இலக்கண நூலான நன்னூல் 13ஆம் நூற்றாண்டிலேயே நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் வகுத்துத் தந்தது. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மற்றொன்று விரித்தல் ஆகிய குற்றங்கள் இன்றைய கட்டுரைக்கும் அப்படியே பொருந்தும். ஓர் ஆசிரியர் குழு கையில் வைத்துக்கொள்ள இதைவிட நல்ல பட்டியல் கிடைப்பது அரிது. நல்ல நடைக்கு முன்மாதிரியும் உண்டு: ஆறுமுக நாவலர் (1822–1879) தம் பாடநூல்களில் எளிய, கட்டுக்கோப்பான உரைநடையை வளர்த்தார்.

தொனியைத் தமிழில் பெரும்பாலும் விகுதியே தீர்மானிக்கிறது. ‘வா’, ‘வாருங்கள்’, ‘வரவும்’, ‘வருதல் வேண்டும்’ என்ற நான்கும் அழைப்புகள்தாம்; ஆனால் உரிமை, மரியாதை, அறிவிப்பு, கட்டளை எனக் குரல் மாறுகிறது. நோயாளிக்கான மருந்துக் குறிப்பில் ‘உட்கொள்ளப்படல் வேண்டும்’ என்று எழுதுவதைவிட ‘சாப்பிட்ட பிறகு குடியுங்கள்’ என்பது பயன்படும். ஒரே கட்டுரையில் ஒருவரை ‘அவன்’ என்றும் ‘அவர்’ என்றும் மாற்றி எழுதினால் தொனி உடையும். கதையில் பாத்திரங்கள் தத்தம் வட்டார வழக்கில் பேசலாம்; எழுத்தாளர் கி. ராஜநாராயணன் கதைசொல்லும் குரலையே கரிசல் வழக்கில் அமைத்தார். விளக்கக் கட்டுரைக்குப் பொதுவழக்கே ஏற்றது.

திருத்தும்போது ஒற்று, நடை, தொனி மூன்றையும் ஒரே வாசிப்பில் பிடிக்க முடியாது. வாக்கியங்களை வெட்டிச் சேர்த்தபின் ஒற்றுகள் மாறுமாதலால், ஒற்றுத் திருத்தத்தைக் கடைசியில் வைத்துக்கொள்வது நல்லது. வாய்விட்டுப் படித்தால் மூச்சு முட்டும் வாக்கியங்கள் தாமே தெரியவரும். விதிகளில் ஐயம் வந்தால் அ. கி. பரந்தாமனாரின் ‘நல்ல தமிழ் எழுத வேண்டுமா?’ என்ற நூல் உதவும்; 1992இல் முதலில் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, ஒரு சொல் பேச்சு வழக்கா உயர் வழக்கா இலங்கை வழக்கா என்பதையும் குறித்துக் காட்டுகிறது.