கட்டிக் கொடுத்த டிபன் அப்படியே திரும்பி வருதா?

சென்னையில் காலை ஏழு மணி என்றால் வீட்டுக்கு வீடு பரபரப்புதான். குக்கர் விசில், வேன் ஹாரன், நடுவே "டிபன் ரெடியாம்மா?" என்ற கூப்பாடு. இத்தனை பாடுபட்டுக் கட்டிய சாப்பாடு சாயங்காலம் பாதி மிஞ்சி வந்தால் எந்தத் தாய்க்குத்தான் வயிறு எரியாது?

வியர்த்த சாதம்

குற்றம் பிள்ளையின் நாக்கில் மட்டும் இல்லை. சுடச்சுட மூடிய சாதம் வியர்த்து, மதியத்துக்குள் வாடை அடிக்கும். தட்டில் பரப்பி, ஆவி அடங்கியதும் கட்ட வேண்டும். தயிர் சாதத்தில் பாலைத் தாராளமாக விட்டு, ஒரு ஸ்பூன் தயிர் போட்டால் போதும், புளிக்காது.

காயை ஒதுக்கும் வாண்டுக்கு கேரட்டைத் துருவி சப்பாத்தி மாவிலேயே பிசையலாம். முருங்கைக்கீரையை அடையில் கலக்கலாம். சுண்டலை இறக்கியபின் எலுமிச்சை பிழியுங்கள். பயறின் இரும்புச்சத்து உடம்பில் சேர அந்தப் புளிப்பு துணை செய்யும்.

50 மீட்டர் விதி

"காசு தர்றேன், வாங்கித் தின்னுக்கோ" என்றால் பிள்ளை சிப்ஸ் பாக்கெட்டைத்தான் தேடும். கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த பண்டங்களைப் பள்ளியிலும், வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று 2020-ல் மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டது. ஆனால் 51-வது மீட்டரில் கடை இருக்கலாமே!

கடைசியாக ஒரு யோசனை. "நாளைக்கு லெமன் சாதமா, அடையா?" என்று ராத்திரியே பிள்ளையிடம் கேட்டுவிடுங்கள். தானே கேட்டு வாங்கியதை மிச்சம் வைக்க அதற்கும் மனசு வராது!