பிள்ளைகளின் படிப்புக்கும் ஒரு பேரேடு வேண்டும்

மே மாதம் 5-ஆம் நாள் வணிகர் தினம். மாநாட்டுக்குப் போய்விட்டு வந்து கடையைத் திறக்கும் வேளையில் பிளஸ் டூ தேர்வு முடிவு வந்துவிடுகிறது. 2024-இல் மே 6-ஆம் தேதி வந்தது. 2025-இல் மே 8-ஆம் தேதி. அடுத்த சில நாட்களில் பத்தாம் வகுப்பு முடிவும் வந்துவிடும். அந்த இரண்டு வாரமும் நம் கடைகளில் சரக்கு விலையைவிட மார்க்குப் பேச்சுதான் அதிகம். "அண்ணாச்சி, பையன் பத்தாவது பாஸாயிட்டான். எந்தக் குரூப்புல போடலாம்?" என்று சில்லறைக் கடைக்காரர்கள் கேட்கிறார்கள். தீபாவளிச் சரக்குக்கு ஆவணியிலேயே ஆர்டர் கொடுக்கும் நாம், பிள்ளையின் படிப்பை மட்டும் ரிசல்ட் வந்த மறுநாள் காலையில் முடிவு செய்கிறோம்.

நம்மில் மூத்தவர்கள் பதினோராம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதியவர்கள். அதற்கு மேல் படித்தால் பி.யூ.சி. 1978-இல் பிளஸ் டூ முறை வந்தது. நாற்பது வயதுக்காரர்களுக்குப் பிளஸ் டூ என்றால் 1200 மதிப்பெண். இன்று அதுவும் இல்லை. நாம் படித்த கணக்கை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு யோசனை சொல்வது பழைய விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு இன்றைய பில் போடுவதற்குச் சமம். ஆகவே இன்றைய விதிகள் என்ன, அவற்றில் பெற்றோர் கவனிக்க வேண்டியவை எவை என்பதை, கல்லாவில் உட்கார்ந்து படிக்கும்படி எளிமையாகச் சொல்ல முயல்கிறேன்.

நம் வட்டாரத்தில் ஏன் இது முக்கியம்?

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலைக்கு 1996-இல் அடிக்கல் நாட்டினார்கள். 1998-இல் கார் வெளியே வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் நோக்கியா, ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான், 2013-இல் ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக வந்தன. ஏரிப் பாசன வயல்களாக இருந்த ஊர்களில் ஷிப்டு பஸ்கள் ஓடுகின்றன. நம் வியாபாரமும் அதனால் வளர்ந்தது, மறுப்பதற்கில்லை.

ஆனால் இந்த வளர்ச்சி பிள்ளைகளுக்கு ஒரு தவறான நம்பிக்கையையும் கொடுத்திருக்கிறது. "பதினெட்டு வயசு ஆனா போதும், கம்பெனியில் கான்ட்ராக்டில் எடுத்துக்குவாங்க" என்று பிளஸ் ஒன் படிக்கும் பையன் சொல்கிறான். எடுத்துக்கொள்வார்கள், உண்மைதான். எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள் என்பதுதான் கேள்வி. நோக்கியா ஆலை உச்சத்தில் சுமார் 8,000 பேருக்கு நேரடி வேலை தந்தது. அவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். 2014 நவம்பர் 1-ஆம் தேதி அங்கே உற்பத்தி நின்றது. அந்த நாட்களில் நம் கடைகளின் பற்றுக் கணக்குகள் எப்படி நின்றன என்பது பழைய அன்பர்களுக்கு நினைவிருக்கும். ஓர் ஆலை மூடினால் அடுத்த ஆலையின் வாசலில் முதலில் கேட்பது சான்றிதழைத்தான். அது கையில் இல்லாதவர் மறுபடி அடிமட்டத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பத்தாம் வகுப்பு: முதல் ஐந்தொகை

எட்டாம் வகுப்பு வரை பிள்ளை தேர்ச்சி பெற்றுக்கொண்டே வருவான். அதை வைத்து "நல்லாத்தான் படிக்கிறான்" என்று இருந்துவிடக் கூடாது. எட்டாம் வகுப்பு விடுமுறையில் ஒரு நாள், ஒரு தமிழ்ப் பக்கத்தையும் ஓர் ஆங்கிலப் பக்கத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள். கடையில் ஒரு சிட்டையைக் கொடுத்து வட்டியும் சதவீதமும் போடச் சொல்லுங்கள். திணறினால் சரிசெய்ய இரண்டு ஆண்டு இருக்கிறது. பத்தாம் வகுப்பு டிசம்பரில் கண்டுபிடித்தால் இரண்டு மாதம்தான் இருக்கும்.

பத்தாம் வகுப்பில் தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என ஐந்து பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் 100. மொத்தம் 500. தமிழிலும் ஆங்கிலத்திலும் முன்பிருந்த முதல் தாள், இரண்டாம் தாள் பிரிவு இப்போது இல்லை. ஒவ்வொரு பாடத்திலும் 35 எடுத்தால் தேர்ச்சி. அறிவியலில் மட்டும் ஒரு நுணுக்கம் உண்டு: எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. செய்முறையில் முழு மதிப்பெண் வாங்கியிருந்தாலும், எழுத்துத் தேர்வில் குறைந்தது 20 எடுக்காவிட்டால் தேர்ச்சி இல்லை. சி.பி.எஸ்.இ. பள்ளியில் தேர்ச்சி மதிப்பெண் 33. அங்கே பாடத்திட்டம் வேறு. பிளஸ் ஒன்னில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதானால் இரண்டு பள்ளி ஆசிரியர்களையும் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

பிளஸ் ஒன், பிளஸ் டூ

மேல்நிலையில் ஆறு பாடம், மொத்தம் 600. மொழிப்பாடம், ஆங்கிலம், பிரிவுப் பாடங்கள் நான்கு. செய்முறை இல்லாத பாடத்தில் எழுத்துத் தேர்வு 90, அக மதிப்பீடு 10. செய்முறை உள்ள பாடத்தில் எழுத்து 70, செய்முறை 20, அக மதிப்பீடு 10. அக மதிப்பீட்டில் பள்ளி வருகையும் சேரும். "முகூர்த்த நாள், கடையில் ஆள் இல்லை, நீ இரு" என்று பையனைக் கல்லாவில் உட்கார வைக்கும் அன்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பிளஸ் ஒன்னுக்கு 2017-18 முதல் பொதுத்தேர்வு இருந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி, 2025-26 கல்வியாண்டிலிருந்து அது நீக்கப்பட்டது. பிள்ளைகளின் சுமை குறைந்தது நல்லதுதான். ஆனால் "பிளஸ் ஒன் ஓய்வு ஆண்டு" என்று எடுத்துக்கொண்டால் மோசம் போவோம். நீட், ஜே.இ.இ. தேர்வுகள் இரண்டு ஆண்டுப் பாடத்திலிருந்தும் கேட்கின்றன. கல்லூரியில் முதல் ஆண்டுக் கணக்கில் தவறுகிறவன் பெரும்பாலும் பிளஸ் ஒன் கணக்கைப் படிக்காதவன்தான்.

எந்தப் பிரிவு?

ஒவ்வொரு பிரிவும் சில கதவுகளைத் திறக்கிறது, சிலவற்றை மூடுகிறது. மூடும் கதவுகளை முதலில் பாருங்கள்.

கணிதம், இயற்பியல், வேதியியல் இல்லாமல் பொறியியல் கலந்தாய்வில் பொதுப்பாடப் பிரிவில் இடம் இல்லை. நுழைவுத் தேர்வு பழைய கதை. இப்போது கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடுகிறார்கள். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. மற்றப் பாட மதிப்பெண் அதில் சேராது. உயிரியல் இல்லாமல் மருத்துவமும் பி.எஸ்சி. செவிலியமும் இல்லை. கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவு எடுத்தால் இரண்டு பக்கமும் திறந்திருக்கும், ஆனால் சுமை அதிகம். இரண்டையும் தாங்காத பிள்ளைக்கு அதைத் திணித்தால் இரண்டு பக்கமும் மதிப்பெண் குறையும்.

நம்மவர் பலர் வணிகவியல் பிரிவை மட்டமாகப் பேசுகிறார்கள். வியாபாரிகளே அப்படிப் பேசுவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த நாள் முதல், கணக்குத் தெரிந்த ஓர் ஆளுக்காக நாம் எத்தனை பேரிடம் போய் நிற்கிறோம்! கணக்குப்பதிவியல் படித்த பிள்ளை பி.காம். போகலாம், பட்டயக் கணக்கர் படிப்புக்கு அடித்தளத் தேர்வு எழுதலாம். இந்தத் தேர்வுக்கு எந்தப் பிரிவில் பிளஸ் டூ முடித்தவரும் வரலாம். ஆயினும் கணக்குப்பதிவியல் படித்தவருக்கு அடி எளிது. வணிகக் கணிதமும் சேர்ந்த பிரிவாக இருந்தால் இன்னும் நல்லது.

பையனிடம் கேட்க வேண்டிய கேள்வி "பக்கத்து வீட்டுப் பையன் என்ன எடுத்தான்?" என்பதல்ல. "எந்தப் பாடத்தை யாரும் சொல்லாமலே எடுத்துப் படிக்கிறாய்?" என்பதுதான்.

பிளஸ் டூ மட்டுமே வழி அல்ல

பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை பாலிடெக்னிக்கில் மூன்று ஆண்டு டிப்ளமோ படிக்கலாம். பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். பிளஸ் டூ இரண்டு, பி.இ. நான்கு: ஆறு ஆண்டு. டிப்ளமோ மூன்று, பி.இ. மூன்று: அதுவும் ஆறு ஆண்டுதான். நடுவில் குடும்ப நிலைமை மாறினால், டிப்ளமோக்காரன் கையில் மூன்றாம் ஆண்டிலேயே வேலைக்கு உதவும் சான்றிதழ் இருக்கும்.

ஐ.டி.ஐ. என்றால் முகம் சுளிக்கும் பெற்றோர் ஒருமுறை ஒரகடம் அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். டாடா டெக்னாலஜிஸ் துணையோடு மாநிலமெங்கும் அரசு ஐ.டி.ஐ.களில் அமைக்கப்பட்ட தொழில் 4.0 பயிற்சிக் கூடங்கள் 2023-இல் அங்கேதான் தொடங்கி வைக்கப்பட்டன. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், வெல்டர், மெஷினிஸ்ட் என்று தொழில் கற்றவனுக்கு இந்த வட்டாரத்தில் வாசல்கள் அதிகம். பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டு ஆண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேரலாம். தமிழ், ஆங்கிலத் தேர்வுகளை எழுதித் தேறினால் அந்தப் படிப்பைப் பிளஸ் டூவுக்கு இணையாகக் கொள்ளவும் அரசாணை உண்டு. ஐ.டி.ஐ. முட்டுச்சந்து அன்று, சற்றுச் சுற்றிப் போகும் பாதை, அவ்வளவுதான்.

ஆறு முதல் பன்னிரண்டு வரை

இது நம் கடைப் பணியாளர்களுக்கும் சுமை தூக்கும் தோழர்களுக்கும் அவசியம் சொல்ல வேண்டிய செய்தி. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் சட்டமானது. 2021-இல் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. கல்வி உரிமைச் சட்ட இடத்தில் எட்டு வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பது முதல் அரசுப் பள்ளிக்கு வந்தவர்க்கும் இதில் இடம் உண்டு. கல்லூரி போகும் மாணவியருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இலும், மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இலும் தொடங்கின. இவற்றுக்கு அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும்.

ஒருவர் கடன் வாங்கிக் குழந்தையை ஆறிலும் ஏழிலும் தனியார் பள்ளியில் வைக்கிறார். கட்டணம் கட்ட முடியாமல் எட்டில் அரசுப் பள்ளிக்கு மாற்றுகிறார். பணமும் போயிற்று, சலுகையும் போயிற்று. மாற்றுவதாக இருந்தால் ஆறாம் வகுப்பிலேயே மாற்றுங்கள் என்று சொல்ல யாரும் இல்லாமல் போனதுதான் காரணம். கட்டண பாக்கிக்காக மாற்றுச் சான்றிதழை நிறுத்தி வைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் சொல்லியிருப்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

தமிழ் வழியில் படித்தோர்க்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை 2010-இல் சட்டமானது. 2020-இல் வந்த திருத்தத்தின்படி பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ் வழியில் இருக்க வேண்டும். நடுவில் ஓராண்டு ஆங்கில வழிக்கு மாற்றினாலும் இதை எண்ணிப் பார்த்துச் செய்ய வேண்டும்.

காகிதங்கள்

நம் ஜி.எஸ்.டி. பதிவில் ஓர் எழுத்து மாறினால் எவ்வளவு அலைகிறோம்! பிள்ளையின் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி ஆகியவை பிறப்புச் சான்றிலும் ஆதாரிலும் பள்ளிப் பதிவிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒன்பதாம் வகுப்பிலேயே பாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அச்சாகிவிட்டால் திருத்துவது பெரும்பாடு.

சாதிச் சான்று, வருமானச் சான்று, குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்று ஆகியவற்றை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்து வாங்கி வையுங்கள். மே மாதக் கூட்டத்தில் போய் நிற்காதீர்கள். எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்த பிள்ளைக்குப் பொறியியல் கலந்தாய்வில் இருப்பிடச் சான்று தேவையில்லை. வெளி மாநிலத்தில் சில வகுப்புகள் படித்த பிள்ளைக்குத் தேவைப்படும். தொழிற்சாலை வேலைக்காக இங்கே குடிவந்த நம் வாடிக்கையாளர் பலருக்கு இது தெரியாது.

தவறிய பிள்ளைக்கு

ஒரு பாடமோ இரண்டு பாடமோ தவறிவிட்டால் அந்த ஆண்டே ஜூன், ஜூலையில் துணைத்தேர்வு உண்டு. தவறிய பாடங்களை மட்டும் எழுதினால் போதும். தேறினால் அதே ஆண்டில் மேற்படிப்பில் சேர வழி இருக்கிறது. விண்ணப்பிக்கும் நாட்கள் குறைவு. ஆகவே அழுகையும் திட்டும் ஒரு நாளோடு முடியட்டும். மறுநாள் பள்ளிக்குப் போய்ப் பணம் கட்டிவிட வேண்டும். வியாபாரத்தில் ஒரு லோடு நஷ்டமானால் கடையை மூடிவிடுகிறோமா? பிள்ளையை அந்த நாட்களில் தனியே விடாதீர்கள். நாலு பேர் முன்னால் குறைத்துப் பேசாதீர்கள். ஐயம் கேட்கவும் ஆறுதல் பெறவும் பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண் இருக்கிறது.

தவறிய பையனைக் "கடையைப் பார்த்துக்கொள்" என்று அன்றே உட்கார வைப்பதும் சரியன்று. கடை எங்கும் போய்விடாது. துணைத்தேர்வுக்கான அந்த இரண்டு மாதம் போனால் வராது.

சங்கம் என்ன செய்யலாம்?

ஒவ்வொரு கிளைச் சங்கமும் ஆண்டுக்கு ஒரு நாள், ஜனவரியில் பொங்கல் வியாபாரம் முடிந்ததும், ஒரு ஞாயிறு மாலையை ஒதுக்கலாம். உள்ளூர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவரையும், ஐ.டி.ஐ. ஆசிரியர் ஒருவரையும், நமக்குக் கணக்குப் பார்க்கும் ஆடிட்டர் ஒருவரையும் அழைக்கலாம். ஒன்பது, பத்து படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் வரட்டும். நம் கடைகளில் வேலை செய்வோரும் குடும்பத்தோடு வரட்டும். அன்று அவர்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறை கொடுப்போம். பெரிய செலவில்லை. தேநீரும் நாற்காலியும் போதும்.

அதுவரை, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குவோம். பிள்ளையின் பெயரை எழுதி, ஒவ்வொரு பருவத்தின் மதிப்பெண்ணையும், வாங்க வேண்டிய சான்றிதழையும், அடுத்த ஆண்டு எடுக்க வேண்டிய முடிவையும் அதில் குறித்து வருவோம். கடைக்கு எத்தனையோ பேரேடு எழுதுகிறோம். இந்த ஒன்றையும் சேர்த்து எழுதுவதில் நமக்குச் சிரமம் ஒன்றுமில்லை.