களஞ்சியமும் கூடமும்

பலர் ஒன்றுகூடிச் செய்யும் தொழில் எதுவாயினும், ஒருவர் செய்ததை மற்றவர் உடனுக்குடன் அறிதல் இன்றியமையாதது. தச்சர் கதவுநிலையின் அளவை மாற்றிவிட்டுக் கொத்தரிடம் சொல்லாதொழிந்தால், எழுப்பிய சுவரை இடிக்க நேரிடும். கண்ணெதிரே நின்று வேலை செய்வோர்க்கே இத்துணை இடர் உண்டாயின், வெவ்வேறு நாடுகளில் இருந்துகொண்டு ஒரே மென்பொருளை எழுதுவோர் நிலையைக் கூறவும் வேண்டுமோ?

கணினிக்கு இன்னது செய்க என ஆணையிடும் வரிகளின் தொகுதியே நிரல் எனப்படும். பெரியதொரு மென்பொருளின் நிரலைப் பலர் எழுதுவர், நாடோறும் திருத்துவர். யார், எப்பொழுது, எந்த வரியை மாற்றினார் என்பதைப் பதிந்து வைக்கும் பொருட்டு, லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் அறிஞர் 2005-ஆம் ஆண்டில் 'கிட்' என்னும் கருவியை ஆக்கினார். தாம் முன்னரே தொடங்கியிருந்த லினக்ஸ் என்னும் மென்பொருளைப் பலருடன் சேர்ந்து வளர்ப்பதற்காகவே அதனை அவர் உருவாக்கினார். அக்கருவியால் பேணப்படும் நிரல்களை இணையத்தில் வைத்துக் காக்கும் களஞ்சியமாக 'கிட்ஹப்' 2008-ஆம் ஆண்டில் தோன்றிற்று. 2018-ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் நிறுவனம் அதனை விலைக்கு வாங்கிற்று.

நிரல் இருப்பது களஞ்சியத்தில். அதனை எழுதுவோர் கலந்து பேசுவதோ வேறோர் இடத்தில். 2013-ஆம் ஆண்டில் அறிமுகமான 'ஸ்லாக்' அத்தகைய உரையாடற் கூடங்களுள் ஒன்று. அதில் 'சேனல்' எனப்படும் பகுதிகள் பல உண்டு. ஒவ்வொரு பணிக்கும் ஒரு சேனல் அமைத்துக்கொண்டு, அப்பணிக்குரியோர் அங்கே பேசுவர். களஞ்சியத்தில் நிகழும் மாற்றம் கூடத்தில் இருப்போர்க்குத் தெரியாவிடின், ஒருவர் திருத்திய பிழையையே மற்றொருவரும் திருத்திக்கொண்டிருப்பார். அல்லது, ஒருவர் செய்த புதுப் பிழையை எவரும் காணாதிருப்பர். ஆதலின் இவ்விரண்டையும் இணைத்தல் தேவையாயிற்று.

இணைக்கும் வழிகள் இரண்டு. தமக்குக் கடிதம் வந்துள்ளதா என்று அஞ்சல் நிலையத்திற்கு நாழிகைதோறும் நடந்து சென்று கேட்டல் ஒரு வழி. வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டு, கடிதம் வருங்கால் அஞ்சற்காரர் கொணர்ந்து தருமாறு செய்தல் மற்றொரு வழி. முன்னதில் வீணான நடையே மிகுதி. பின்னதில் அஃது இல்லை. இப்பின்னைய முறையே கணினி உலகில் 'வெப்ஹூக்' எனப்படுகின்றது. களஞ்சியத்தில் ஒரு நிகழ்ச்சி நேர்ந்தவுடன், முன்னரே குறித்துத் தந்த இணைய முகவரிக்குச் செய்தி தானே புறப்பட்டுச் செல்லும். எந்தக் களஞ்சியம், செய்தவர் யார், செய்தது யாது என்னும் விவரங்கள் அதில் ஒழுங்குபட அமைந்திருக்கும். இடையில் நிற்கும் ஒரு செயலி அதனைப் பெற்று, மக்கள் எளிதிற் படிக்கும் வடிவில் மாற்றிச் சேனலில் இடும்.

இவ்விணைப்பை ஏற்படுத்துதல் அரிதன்று. ஸ்லாக்கில் கிட்ஹப் செயலியைச் சேர்த்து, தமக்குரிய கணக்கால் அதனுட் புக வேண்டும். பின்னர், உரிய சேனலில் ஆங்கில எழுத்துகளில் சாய்கோடு ஒன்று இட்டு, 'கிட்ஹப்' என்னும் பெயரையும், 'சப்ஸ்கிரைப்' என்னும் ஏவற் சொல்லையும், களஞ்சியத்திற்கு உரியவர் பெயரோடு களஞ்சியத்தின் பெயரையும் முறையே எழுதினால் போதும். அன்று முதல் அக்களஞ்சியத்தின் செய்திகள் அங்கே வந்து சேரும்.

எனினும், இதில் காக்க வேண்டியவை சில உள. வந்த செய்தி மெய்யாகவே களஞ்சியத்திலிருந்துதான் வந்ததா என்பது முதல் ஐயம். இதன் பொருட்டு, அனுப்புவோரும் பெறுவோரும் மட்டுமே அறிந்த மறைச்சொல் ஒன்று வைக்கப்படும். அம்மறைச்சொல்லையும் செய்தியையும் சேர்த்துக் கணக்கிட்டு, செய்தியோடு ஒரு முத்திரை அனுப்பப்படும். பழங்கால அரசரின் முத்திரை எல்லா ஓலைக்கும் ஒன்றே. இம்முத்திரையோ செய்திக்குச் செய்தி வேறுபடும். இடையில் ஓர் எழுத்து மாறினும் முத்திரை பொருந்தாது, பொய் வெளிப்பட்டுவிடும்.

மற்றோர் இடரும் உண்டு. சில இணைப்புகளில், செய்தி பெறும் முகவரியே திறவுகோலாகவும் இருக்கும். ஸ்லாக் தரும் அத்தகைய முகவரியை அறிந்தவர் எவரும் அச்சேனலில் செய்தி இடலாம். அதனை மறதியால் நிரலினுள் எழுதி, யாவரும் காணும் களஞ்சியத்தில் வைத்துவிட்டால், கதவைப் பூட்டித் திறவுகோலை வாயிலிலேயே தொங்கவிட்டது போலாகும். பிறகு அவ்வரியை நீக்கினும் பயனில்லை; பழைய மாற்றங்களை எல்லாம் நினைவில் வைத்திருத்தலே கிட்டின் இயல்பு. எந்தப் பண்பு பெருநன்மையோ அதுவே ஈண்டுத் தீமையாய் முடியும். அம்முகவரியைச் செல்லாததாக்கிப் புதியது பெறுதலே தக்க பரிகாரம்.

அனுப்பிய செய்தி எப்பொழுதும் சேரும் என்றும் நம்பியிருத்தல் கூடாது. பெறுவோரிடமிருந்து பத்து நொடிக்குள் விடை வாராவிடின், கிட்ஹப் அம்முயற்சி தவறியதாகக் குறித்துக்கொள்ளும்; தானாக மீண்டும் அனுப்புவதில்லை. குறிப்பைப் பார்த்து மீண்டும் அனுப்பச் செய்தல் மனிதர் கடன். ஆகவே, கூடத்தில் அமைதி நிலவுவதனாலேயே களஞ்சியத்தில் யாவும் நலம் எனக் கொள்ளலாகாது.

மிகையான செய்தியும் குறைவான செய்தியைப் போன்றே கேடு தரும். ஓயாது ஒலிக்கும் மணியைச் செவி விரைவில் மறந்துவிடும். சிறு மாற்றம் ஒவ்வொன்றும் வந்து குவியின், நடுவே வரும் அபாயச் செய்தியும் படிக்கப்படாது போகும். எவ்வகைச் செய்தி வேண்டும், எவ்வகை வேண்டா எனத் தெரிந்தெடுக்கும் வாய்ப்பு இவ்விணைப்பில் உண்டு. அறிவுடையோர் அதனைப் பயன்படுத்துவர்.

செய்தியைச் சுமந்து வருவது பொறி. அதனைப் படித்து, ஆராய்ந்து, உற்ற காலத்தில் செயலாற்றுவது மனிதன். பொறியின் விரைவோடு மனிதனின் விழிப்பும் சேர்ந்தாலன்றி, கூட்டுத் தொழில் செம்மையாக நடவாது.