வலை வீசாத கடலுக்கு விருந்தினராக

வெளிநாட்டில் பணிபுரியும் பிள்ளைகள் தம் பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் அழைத்துக்கொண்டு விடுமுறைக்கு எங்கேனும் சென்று வருவது இன்று நம் பங்குக் குடும்பங்களில் புதுமையன்று. அவர்களுள் இளைஞர்கள் பலர் விரும்பிக் கேட்பது கடலுக்குள் மூழ்கிப் பவளப்பாறைகளைக் காணத்தக்க ஒரு சிறு தீவாகும். அத்தகைய தீவுகள் வெப்பமண்டலக் கடல்களில் பல உள்ளன. அவற்றுள் பிலிப்பைன்ஸ் நாட்டின் ஆப்போ தீவை எடுத்துக்கொண்டு, அங்குச் செல்ல எவ்வாறு ஆயத்தம் செய்வது என்பதை இங்குக் காண்போம். அத்தீவின் அழகு இயற்கை மட்டும் தந்ததன்று. ஏழை மீனவக் குடும்பங்களின் தன்னடக்கம் தந்தது. இதனை அறியாமல் பயணத்தைத் திட்டமிடுகிறவர் பாதித் தீவைத்தான் பார்த்துத் திரும்புவார்.

பதினான்கு குடும்பங்களின் துணிவு

நீக்ரோஸ் என்னும் பெரிய தீவின் தென்கிழக்குக் கரையிலிருந்து சுமார் 7 கிலோமீட்டர் தொலைவில் ஆப்போ அமைந்துள்ளது. எரிமலையால் உருவான இத்தீவின் பரப்பு ஏறத்தாழ 70 எக்டேர்தான். சுமார் ஆயிரம் பேர் வாழ்கின்றனர். மீன்பிடித்தலே அவர்களுடைய குலத்தொழில்.

1970-களில் இக்கடல் வறண்டுகொண்டிருந்தது. வெடி வைத்தும், சயனைடு நஞ்சைக் கலந்தும், சிறுகண் வலைகளை வீசியும் மீன் பிடித்ததால் பவளப்பாறைகள் சிதைந்தன, மீன்கள் அருகின. கரையோரத்தில் கிடைத்த மீனைத் தேடி நெடுந்தொலைவு துடுப்பு வலிக்க வேண்டியதாயிற்று. அந்நாளில் அருகிலுள்ள துமகேத்தே நகரின் சில்லிமான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கடலியல் அறிஞர் ஆஞ்சல் அல்காலா இம்மக்களிடம் ஒரு யோசனையைக் கூறினார். கடலில் ஒரு பகுதியை மட்டும் முற்றிலும் பிடிக்காமல் விட்டுவிடுங்கள். மற்றப் பகுதியில் மீன் பெருகும் என்பதே அது.

பசித்திருப்பவனிடம் வயலில் ஒரு பகுதியை அறுக்காதே என்றால் எளிதில் ஏற்பானா? பலர் ஐயுற்றனர். மூன்று ஆண்டுகள் பேச்சு நடந்தது. இறுதியில் 1982-இல் 14 குடும்பங்கள் முன்வந்து, சுமார் 450 மீட்டர் நீளக் கரையை ஒட்டிய கடலைச் சரணாலயமாக ஒதுக்கின. அதனைக் காக்கப் பெரும்படை தேவைப்படவில்லை. கரையில் அமர்ந்து கண்காணிக்க ஓர் ஆளே போதுமானதாக இருந்தது. மீன் பெருகுவதைக் கண்ணாரக் கண்ட ஏனைய குடும்பங்களும் மெல்ல மெல்ல இணைந்தன. 1985-இல் ஊர்ச்சட்டம் பிறந்தது. 1994-இல் தீவும் சூழ்ந்த கடலும் தேசியப் பாதுகாப்புப் பகுதியாயின.

இதன் காரணம் எளிது. பிடிபடாத மீன் பெரிதாக வளர்கிறது. பெரிய மீன் மிகுதியாக முட்டையிடுகிறது. குஞ்சுகளும் வளர்ந்த மீன்களும் எல்லை கடந்து வெளியே வருகின்றன. அங்கே மீனவரின் தூண்டிலில் சிக்குகின்றன. நம் கிழக்குக் கரைப் பங்குகளில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்பதும் இதே நோக்கத்திற்காகத்தான். நாம் கடலுக்குக் காலத்தால் ஓய்வளிக்கிறோம். ஆப்போ மக்கள் இடத்தால் ஓய்வளித்தனர்.

இதற்கு மறுபக்கச் சான்றும் உண்டு. செபு தீவை அடுத்த சுமிலோனில் 1974-இலேயே இத்தகைய சரணாலயம் அமைக்கப்பட்டது. 1984-இல் அங்குப் பாதுகாப்பு குலைந்தது. மூடியிருந்த பகுதியில் வலைகள் விழுந்தன. பிடிக்கும் இடம் பெருகிற்று. பிடிபட்ட மீனோ இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. அல்காலாவும் அவருடைய தோழர்களும் பதிவுசெய்த இவ்வுண்மை உலகெங்கும் மேற்கோளாயிற்று. 1992-இல் ராமோன் மகசேசே விருது பெற்ற அப்பெருமகன் 2023-இல் மறைந்தார்.

எந்த மாதம் நல்லது?

கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் செல்லலாம் என்றே பலர் நினைப்பர். அது அவ்வளவு நல்ல காலமன்று. 2011 டிசம்பரில் செண்டோங் என்னும் புயலும், 2012 டிசம்பரில் பாப்லோ என்னும் புயலும் ஆப்போவின் சரணாலயப் பவளங்களை நொறுக்கின. 2021 டிசம்பரில் ஒடெட்டே புயல் நீக்ரோசைத் தாக்கிற்று. பாறைபோல் திரண்டு வளரும் பவளம் ஓராண்டில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதை எண்ணினால், ஓரிரவில் நேர்ந்த அழிவின் அளவு விளங்கும். மேலும் வடகிழக்குக் காற்று வீசும் அம்மாதங்களில் சிறுபடகுப் பயணம் அலைக்கழிக்கும். மார்ச் முதல் மே வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். நம் பள்ளிகளின் கோடை விடுமுறைக்கும் அது பொருந்தும்.

வழியும் செலவும்

இந்தியச் சுற்றுலாப் பயணியர் 14 நாள்வரை விசா இன்றித் தங்கப் பிலிப்பைன்ஸ் அரசு 2025 ஜூனில் வழிசெய்தது. கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதங்களுக்குச் செல்லுபடியாக வேண்டும். திரும்பும் பயணச்சீட்டும் தங்குமிட உறுதிச்சீட்டும் கையிலிருக்க வேண்டும். வந்திறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்திற்குள் அந்நாட்டின் இணையப் பதிவையும் முடித்துவிட வேண்டும். இவ்விதிகள் மாறக்கூடியவை, பயணச்சீட்டு வாங்குமுன் தூதரகத்தில் உறுதிசெய்துகொள்வது அறிவுடைமை.

மணிலாவிலிருந்து துமகேத்தேக்கு விமானம் உண்டு. அங்கிருந்து தெற்கே சாலைவழியாக மலதாப்பாய் சென்று, இருபுறமும் மூங்கில் தாங்கிகள் கட்டிய ‘பங்கா’ என்னும் படகில் ஏறினால் சுமார் அரைமணி நேரத்தில் ஆப்போவை அடையலாம். இறங்கும்போது முழங்கால் நனையும். முதியோருக்குக் கைகொடுக்க ஒருவர் வேண்டும். மலதாப்பாயில் புதன்கிழமைதோறும் ஆடுமாடும் மீனும் விற்கும் பெருஞ்சந்தை கூடுகிறது. அந்நாளில் சென்றால் ஊரின் உண்மை வாழ்வைக் காணலாம்.

ஓர் எச்சரிக்கை: மிண்டானாவில் ஆப்போ என்னும் மலையும், மிண்டோரோ அருகே ஆப்போ என்னும் பவளத்திட்டும் உள்ளன. முன்பதிவின்போது தவுயின் நகராட்சியைச் சேர்ந்த ஆப்போ தீவு என்று தெளிவாகக் கூறுக.

தீவில் நன்னீர் அருமை, பெருங்கரையிலிருந்து கொண்டுவரப்படுகிறது. ஆகவே குளியலில் சிக்கனம் தேவை. பணத்தைத் துமகேத்தேயிலேயே மாற்றிக்கொள்க. தீவில் நுழையவும் மூழ்கவும் தனித்தனிக் கட்டணங்கள் உண்டு. அவற்றில் பேரம் பேசலாகாது. வலை வீசாமல் விட்ட கடலின் காவல் அக்காசைக்கொண்டே நடக்கிறது. கூடுமானவரை மக்களின் இல்லங்களை ஒட்டிய விடுதிகளிலே தங்கி, உள்ளூர் வழிகாட்டியையே அமர்த்துக.

உடலின் ஆயத்தம்

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. காற்று உருளையுடன் மூழ்குகிறவர் ஒருபோதும் மூச்சை அடக்கலாகாது. மேலேறும்போது நுரையீரலில் காற்று விரிந்து உயிருக்கே ஊறு நேரும். ஆஸ்துமா, இதயநோய், காதுநோய் உடையோர் ஊரிலேயே மருத்துவரைக் கண்டு எழுத்தில் இசைவு பெற வேண்டும். கருவுற்ற பெண்கள் மூழ்குதல் கூடாது. பயிற்சி அமைப்புகள் பொதுவாக 10 வயது நிறைந்த சிறுவரையே கடலில் மூழ்க அனுமதிக்கின்றன. பயிற்சி பெறாதவர் ஆசிரியருடன் 12 மீட்டர் ஆழம்வரையும், முதல்நிலைச் சான்றிதழ் பெற்றோர் 18 மீட்டர்வரையும் செல்லலாம்.

எல்லாரும் மூழ்க வேண்டும் என்பதில்லை. முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அணிந்து மிதந்தாலே போதும். கரைக்கு அருகில் பேராமைகள் கடற்புல் மேய்வதைத் தாத்தாவும் பேரனும் சேர்ந்து காணலாம். நீந்தத் தெரியாதவர் மிதவைச் சட்டை அணிந்தே இறங்க வேண்டும்.

பல நாள் மூழ்கியவர் கடைசி மூழ்கலுக்குப் பின் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறலாகாது. உடலில் கரைந்த நைட்ரஜன், அழுத்தம் குறைந்த உயரத்தில் குமிழ்களாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். ஆகையால் கடைசி நாளைத் துமகேத்தே நகருக்கு ஒதுக்குக. அது ஞாயிறாக அமைந்தால் மிக நன்று. அலெக்சாந்திரியா புனித கத்தரீன் பேராலயத்தில் திருப்பலி காணலாம்; கடற்கொள்ளையரின் வருகையை மக்களுக்கு அறிவிக்க உதவிய பழைய மணிக்கூண்டையும் காணலாம்.

விருந்தினரின் ஒழுக்கம்

பவளம் கல்லன்று, உயிர். ஒரு காலுதையில் முறிவது பல ஆண்டுகளின் வளர்ச்சி. ஆகவே எதையும் தொடாமலும் எதன்மீதும் நிற்காமலும் மிதப்பதே முதற்பாடம். ஆமையைத் துரத்தாதீர், மூச்சு வாங்க மேலே வரும் வழியை மறிக்காதீர். சிப்பியோ உடைந்த பவளமோ நினைவுப்பொருளாக வேண்டாம். களிம்பு பூசுவதைவிட முழுக்கைச் சட்டை அணிவது கடலுக்கு நல்லது. புயலால் சிதைந்த பகுதி மீள்வதற்காக மூடப்பட்டிருந்தால், “தொலைவிலிருந்து வந்தோமே” என்று வற்புறுத்தாதீர். அதே கடலுக்குள் தம் வலையையே இறக்காதவர்கள் அம்மக்கள்.

புறப்படுமுன் ஒரு மாலை குடும்பமாக அமர்ந்து, இந்தப் பதினான்கு குடும்பங்களின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அங்குப் பேசப்படும் மொழியில் நன்றிக்குச் ‘சலாமத்’ என்பார்கள். படகோட்டியிடமும், சமைத்துத் தரும் அன்னையிடமும், கரையில் காவல் இருப்பவரிடமும் அச்சொல்லைக் கூறப் பழக்குங்கள். வேண்டியதையெல்லாம் எடுத்துக்கொள்ளாதவர்களுக்கே கடல் நிறைந்திருக்கிறது என்பதைப் பிள்ளைகள் கண்ணால் கண்டு திரும்பினால், செலவழித்த பணம் வீணன்று.