உங்களுக்குத் தெரியுமா? தள்ளுவண்டியில் ஏறிய தோசை

யாழ்ப்பாணத்தை அடுத்துள்ள ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு முதலிய தீவகங்களில் நன்னீரும் வயல்நிலமும் அரிதாகையால், அம்மக்கள் பிழைப்பு நாடிக் கடல் கடந்தமை பழைய மரபாகும். அம்மரபு யாழ்ப்பாணத்தார் பலர்க்கும் பொதுவென்பதற்கு, 1995-ஆம் ஆண்டு அமெரிக்கா சென்று, 2001-இல் நியூயோர்க் மாநகரின் வாஷிங்டன் சதுக்கப் பூங்காவருகே தள்ளுவண்டியொன்றை நிறுத்தி, அரிசியும் உளுந்தும் அரைத்துப் புளிக்கவைத்த மாவில் தோசை வார்க்கத் தொடங்கிய திருக்குமார் என்பாரே சாட்சி. நெய்யும் பாலும் அறவே நீக்கிய அந்தச் சைவ போஜனத்தைப் பக்கத்துச் சர்வகலாசாலை மாணாக்கரும் அந்நிய தேசத்து யாத்திரிகரும் வரிசையில் நின்று வாங்கியுண்ண, 2007-இல், வீதியுணவு வியாபாரிகளுக்குரிய ‘வெண்டி’ விருது அவரை வந்தடைந்தது. அடுக்களைக் கைப்பக்குவத்தையே மூலதனமாகக் கொண்டு ஒரு மாநகரின் நன்மதிப்பை ஈட்டிய அவ்வுழைப்பு, நாம் பெருமிதத்தோடு போற்றத்தக்கதாகும்.