உஷார்! தலையில் அடிபட்ட பையன் ‘ஒண்ணுமில்லம்மா’ என்றால் நம்பாதீர்கள்!

அம்மாக்களே, அடுப்பை அணைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

அண்ணனூரில் எனக்குத் தெரிந்த வீடு. ஒன்பதாவது படிக்கும் பையன். ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பால் மேட்ச். கேட்ச் பிடிக்க ரெண்டு பேர் ஓடி, மண்டையோடு மண்டை மோதியிருக்கிறது. ரத்தம் இல்லை. மயக்கமும் இல்லை. முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு மிச்ச ஓவரையும் ஆடிவிட்டுத்தான் வந்தான்.

திங்கள், தலைவலி. ‘கண்ணாடி போடணும்போல’ என்றார் அப்பா. செவ்வாய், தூக்கமில்லை. பழி செல்போன்மேல். புதன், தங்கச்சிமேல் எரிந்து விழுந்தான். ‘வயசு அப்படி.’ வியாழன், டியூஷனில் முந்தின நாள் பாடமே மறந்துபோச்சு. ‘திமிர்!’ அன்று ராத்திரி டியூப் லைட்டைப் போட்டதும் தலையணையில் முகத்தைப் புதைத்தான். அப்போதுதான் அம்மாவுக்குச் சுருக்கென்றது.

நாலும் நாலு வியாதி இல்லை. ஒரே அடி!

மூளை குலுங்கியிருக்கிறது. டாக்டர்கள் கன்கஷன் என்பார்கள். தலைவலி தூக்கத்தைக் கெடுக்கும். தூக்கம் கெட்டால் கவனம் சிதறும், கோபம் வரும். அந்த எரிச்சலே தலைவலியை ஏற்றிவிடும். ஸ்கேன் நார்மல் என்றும் வரலாம். ரத்தக்கசிவைக் காட்டும் ஸ்கேன், குலுக்கலைக் காட்டாது!

நம்ம கிரிக்கெட் வீரர் ஜடேஜாவையே பாருங்கள். 2020 டிசம்பர் 4, கான்பெராவில் ஆஸ்திரேலியாவுடன் டி20 மேட்ச். கடைசி ஓவரில் ஸ்டார்க் போட்ட பந்து ஹெல்மெட்டில் பட்டது. மிச்சப் பந்துகளையும் ஆடினார். டிரெஸ்ஸிங் ரூமுக்குப் போன பிறகுதான் தலைசுற்றல். ஜடேஜாவுக்குப் பதிலாக சாஹல் இறங்கினார். அவர் எடுத்த 3 விக்கெட்தான் நமக்கு ஞாபகம்! அங்கே டாக்டர் இருந்தார். நம் பிள்ளைகள் ஆடும் இடத்தில்?

அடிபட்ட அன்று மறுபடி விளையாட விடவே கூடாது. முதல் ஒண்ணு ரெண்டு நாள் ஓய்வு, செல்போன் குறைவு. பிறகு டாக்டர் சொல்கிறபடி மெல்ல மெல்ல. ஆறுவதற்குள் இன்னொரு அடி பட்டால் மூளை வீங்கி உயிரே போகலாம். அபூர்வம்தான். ஆனால் வளரும் பிள்ளைகளுக்குத்தான் அந்த ஆபத்து.

திரும்பத் திரும்ப வாந்தியா? வலி ஏறிக்கொண்டே போகிறதா? பேச்சு குழறுகிறதா? ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிசா? வலிப்பா? எழுப்பினாலும் எழவில்லையா? யோசிக்காதீர்கள், 108!

இன்னொன்று. பையன் மறைப்பான். அடுத்த மேட்சில் இடம் போய்விடுமே! அண்ணனூர் பையனும், தலை சுற்றியதைக் கீப்பர் பையனிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறான். கூட ஆடின பிள்ளைகளைக் கூப்பிட்டு, கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துக் கேளுங்கள்.